ஏற்காடு ஏறும் கேரவனில் இரட்டைக் கண்ணாடி மங்கினால்: பிரித்துச் சரிசெய்யும் வழி

கேரவன் ஜன்னலை உள்பக்கம் துடைத்தாயிற்று, வெளிப்பக்கம் துடைத்தாயிற்று, ஆனாலும் மங்கல் போகவில்லை. அப்படியென்றால் ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே போய்விட்டது. எந்தத் துணியும் அங்கே எட்டாது. காலையில் மங்கியிருந்து வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறதே என்று விட்டுவைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பகலிலும் நிற்கும். அதற்கடுத்த கட்டத்தில் கண்ணாடியிலேயே வெள்ளைத் திட்டு விழும். முதல் கட்டத்தில் பிரித்தால் பழைய கண்ணாடியையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். இரண்டு கண்ணாடிகளின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று ஓடும். அதை ஸ்பேசர் என்பார்கள். அது உள்ளே கூடான பட்டை. அந்தக் கூட்டில் கசகசாவைவிடச் சற்றுப் பெரிய மணிகள் நிரம்பியிருக்கும். அவைதான் ஈரம் உறிஞ்சும் மாலிகுலர் சீவ் மணிகள். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்பாக, பிசுபிசுவென்று பியூட்டைல் என்ற ரப்பர்ப் பசை. அதற்கு வெளியே, ஓரத்தை மூடிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன். ஈரத்தைத் தடுப்பது பியூட்டைல். கண்ணாடிகளைச் சேர்த்துப் பிடிப்பது வெளிப்பூச்சு. தப்பி வரும் கொஞ்ச ஈரத்தைக் குடிப்பது மணிகள். பியூட்டைலில் ஓர் இடம் விட்டுப்போனால் மணிகள் சில காலம் தாக்குப்பிடிக்கும். அவையும் நிரம்பிய பிறகுதான் நம் கண்ணுக்கு மங்கல் தெரிகிறது. ஆகவே உள்ளே உலர்த்திவிட்டால் மட்டும் வேலை முடியாது. சீலும் மணிகளும் மாறியாக வேண்டும்.

சேலத்து வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கும் சற்று மேலே. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடி சீல் வைத்த இரட்டைக் கண்ணாடிக்கும் அதேதான் நடக்கிறது. கண்ணாடி கொஞ்சமும் வளையாது என்று வைத்துக்கொண்டால், சதுர அடிக்கு நூறு கிலோவுக்கு மேல் உள்ளிருந்து வெளியே தள்ளும். நடைமுறையில் கண்ணாடி சற்று வளைந்து கொடுப்பதால் அவ்வளவு வராது. மலையில் குளிர் கூடுவதால் உள்ளிருக்கும் காற்றும் கொஞ்சம் சுருங்கும். ஆனால் மேலே வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும். இறங்கும்போது எல்லாம் தலைகீழாக, கண்ணாடி உள்வாங்கும். வாராவாரம் ஏறி இறங்கும் வண்டியில் சீல் இப்படி விரிந்தும் சுருங்கியும் ஓய்ந்துபோகிறது. இதோடு பாடி முறுக்கும் வளைவுகள், அதிர்வு, வெயில் எல்லாம் சேர்கின்றன.

சின்ன ஜன்னல்தான் முதலில் போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கண்ணாடி வளைந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். சமையல் மேடைக்கு மேலே இருக்கும் குறுகலான ஜன்னல் வளையாது. பாரம் முழுவதும் சீலுக்கே போகும்.

மங்கல் எங்கே, கண்ணாடி எது

சந்தேகம் இருந்தால் ஐஸ் கட்டி சோதனை செய்யுங்கள். உலர்ந்த மதியத்தில், கண்ணாடி தெளிவாக இருக்கும்போது, பிளாஸ்டிக் பையில் சில ஐஸ் கட்டிகளைப் போட்டு வெளிப்பக்கக் கண்ணாடியில் ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்ததும் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். துடைத்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக மூட்டம் தெரிந்தால் நடுவே ஈரம் இருக்கிறது. இதை எல்லா ஜன்னல்களிலும் செய்து பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற ஒன்றிரண்டும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, உங்கள் ஜன்னல் கண்ணாடிதானா, அக்ரிலிக்கா என்று பாருங்கள். விரல் கணுவால் தட்டினால் கண்ணாடி கணீரென்று கேட்கும், அக்ரிலிக் மொத்தையாக ஒலிக்கும். மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் தூக்கித் திறக்கிற ஐரோப்பிய மாடல் ஜன்னல்கள் பெரும்பாலும் அக்ரிலிக். கரூர், நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் பாடி கட்டிய வண்டிகளிலும் அமெரிக்க மாடல்களிலும் அலுமினிய ஃபிரேமில் அமர்ந்த கண்ணாடியைப் பார்க்கலாம்.

அக்ரிலிக் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் ஓரத்தில், பெரும்பாலும் உள்பக்கத் தகட்டில், சின்ன ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி, நல்ல வெயில் நாளில் வண்டியின் கதவைத் திறந்துவைத்து விட்டாலே ஈரம் மெல்ல வெளியேறும். அக்ரிலிக் தன்னியல்பாகவே கொஞ்சம் ஈரத்தை உள்ளே விடும் பொருள். மலையில் ஒன்றிரண்டு காலைகள் மங்குவது பழுது ஆகாது. நன்றாகக் காய்ந்த பிறகு அடைப்பானைத் திரும்பப் போடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். நூல் நூலாக விரிசல் விழும், அதைச் சரிசெய்யவே முடியாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

இனி கண்ணாடி ஜன்னல். இந்த வேலையின் கனமான பகுதி இதுதான்.

கண்ணாடியில் ஓட்டை போட்டு, உலர்த்தி, அடைத்துவிடும் முறையை யாராவது சொல்வார்கள். வீட்டுச் சாதாரணக் கண்ணாடிக்கு அது ஓரளவு பொருந்தும். வண்டியில் இருப்பது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றியது. அதில் டிரில் பட்டால் நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். கண்ணாடியைத் தொடாமல் ஓரத்துப் பட்டை வழியாகத் துளையிட்டு உலர் காற்று ஊதுவதும் உண்டு. ஆனால் மணிகள் பழையவையே, சீல் பழையதே. மழைக்காலம் தாண்டாது. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. நேரம் ஒதுக்கிப் பிரித்துவிடுங்கள்.

எங்கே, எப்போது

வேலையைச் சேலத்தில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்ந்த நாள் ஒன்றின் மதியத்தில் வையுங்கள். பனிமூட்டத்து மலைக்காற்றை நடுவே வைத்து மூடுவது வேண்டாத வேலை. வீட்டில் ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது. ஏசி ஓடினால் அறைக் காற்றின் ஈரம் வடிந்துவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். மூடும் நேரத்தில் ஈரப்பதம் எவ்வளவுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மணிகளுக்கு ஆயுள்.

வாங்க வேண்டியவை: 3ஏ வகை மாலிகுலர் சீவ் மணிகள், காற்றுப் புகாத பாக்கெட்டில். அலுமினிய ஸ்பேசர் பட்டையும் நான்கு மூலைத் துண்டுகளும். ஸ்பேசரில் ஒட்டும் பியூட்டைல் கயிறு. இரண்டு பாகமாகக் கலக்கும் பாலிசல்ஃபைடு. வண்டி பாடியில் ஒட்ட அகலமான பியூட்டைல் டேப். இவை நம் ஊர்ச் சின்னக் கண்ணாடிக் கடைகளில் எப்போதும் இருக்காது. அவர்கள் தருவித்துத் தருவார்கள், அல்லது இரட்டைக் கண்ணாடி தயாரிக்கும் இடத்திலேயே கேட்டு வாங்கலாம். மற்றவை எளிது: நீளமான கட்டர், பட்டி பார்க்கும் பிளேடு, பேப்பர் டேப், கண்ணாடி தூக்கும் சக்ஷன் கப் இரண்டு, தடித்த கையுறை, பவுடர் இல்லாத மெல்லிய கையுறை, கண்ணுக்கு மூடு கண்ணாடி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன். சேலத்து போர் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவினால் காய்ந்ததும் உப்புத் தடம் நிற்கும். நடுப்பக்கத்தில் அது மாட்டிக்கொண்டால் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

கடையில் சிலிக்கோன் கேட்டால் புளிப்பு வாடை அடிக்கிற வகையைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் அலுமினியத்தையும் உள்ளே இருக்கும் பியூட்டைலையும் கெடுக்கும். நியூட்ரல் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் பாலிசல்ஃபைடு கிடைக்காத இடத்தில் மட்டும்.

ஜன்னலை இறக்குதல்

ஒற்றை ஆளாக இதில் இறங்காதீர்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கழற்றும் முன் ஃபோனில் நாலாபக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பேப்பர் டேப்பில் 'மேல்', 'வெளி' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். உள்பக்கம் வளையம் போன்ற ஃபிரேம் ஒன்று இருக்கும், சுற்றிலும் ஸ்க்ரூக்கள். எல்லாவற்றையும் கழற்றும் முன், வெளியே இருந்து ஜன்னலின் குறுக்கே பாடி வரைக்கும் நாலைந்து டேப்புகளை இழுத்து ஒட்டுங்கள். கடைசி ஸ்க்ரூ வந்ததும் ஜன்னல் தானாகச் சரிவதுண்டு.

வெளிப்பக்க விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே பழைய டேப் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டி பிளேடைச் சாய்வாக நுழைத்து, பெயின்ட்டைக் கீறாமல் சுற்றி வாருங்கள். வரவில்லை என்றால் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இளகும். உள்ளிருப்பவர் நிதானமாகத் தள்ள, வெளியிருப்பவர் தாங்கி வாங்க வேண்டும். வாங்கியதைச் சாக்கு விரித்த மேசையில் படுக்க வையுங்கள். வண்டியில் திறந்து கிடக்கும் இடத்தைப் பிளைவுட்டாலோ தார்ப்பாயாலோ மூடிவிடுங்கள். வேலை ஒரு நாளில் முடியாது.

இப்போது ஃபிரேமின் அடிப்பகுதியைப் பாருங்கள். நீர் வடிவதற்கான சின்னத் துளைகள் இருக்கும். பல வண்டிகளில் நிஜமான காரணமே இங்கேதான் இருக்கிறது. சில்வர் ஓக் இலைத் துகளும் செம்மண்ணும் சேர்ந்து துளையை அடைத்திருக்கும், இல்லையென்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வடியாத மழைத்தண்ணீர் ஃபிரேமுக்குள் தேங்கி, கண்ணாடியின் கீழ் ஓரச் சீல் நாள்கணக்கில் தண்ணீரிலேயே ஊறுகிறது. எந்தச் சீலும் அதைத் தாங்காது. ஒரு கம்பியால் குத்தி, தண்ணீர் ஊற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். புதிதாகக் கேரவன் வாங்கியவர்கள் இந்த ஒன்றை மட்டும் மழைக்காலத்துக்கு முன் செய்துவந்தாலே பாதி ஜன்னல்கள் பிழைக்கும்.

ஃபிரேம் இரண்டு துண்டாக, பெரும்பாலும் மேலும் கீழும் இணைத்திருப்பார்கள். இணைப்பு ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபிரேமை நெளிக்காமல் இழுத்தால் ரப்பர் பீடிங்கோடு கண்ணாடி வரும். பீடிங் கெட்டித்து வெடித்திருந்தால் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே குறுக்குவெட்டு இருக்கிற ரப்பர்தான் வேண்டும், சுமாராகப் பொருந்துவது போதாது.

இரண்டையும் பிரித்தல்

கண்ணாடி இரண்டிலும் எது உள், எது வெளி, எந்த முகம் எதைப் பார்த்தது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். பியூட்டைல் இளகியிருக்கும்போது கட்டரை ஓரத்தில் நுழைத்து, கண்ணாடிப் பரப்போடு ஒட்டினாற்போல் சுற்றிலும் அறுத்து வர வேண்டும். அடைபட்ட இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியை இரண்டு பக்கமும் கட்டை கட்டிப் பிடித்து ரம்பம் போல் இழுத்தால் வழிவிடும். ஸ்க்ரூ டிரைவரை மூலையில் செருகி நெம்பாதீர்கள். டஃபன்ட் கண்ணாடி நடுவில் எவ்வளவு அடி தாங்கினாலும் ஓரத்தில் ஒரு சின்ன இடிக்கே சிதறிவிடும்.

பிரிந்ததும் பட்டையிலிருந்து மணிகளைக் கொட்டிப் பாருங்கள். நிறம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழுந்தால் ஈரம் பல மாதங்களாக உள்ளே இருந்திருக்கிறது. அவற்றைக் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். மாலிகுலர் சீவிலிருந்து ஈரத்தை வெளியேற்ற 200 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சூடு வேண்டும். வீட்டு அடுப்பில் ஆகிற வேலை இல்லை. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், சுத்தம். பழைய பியூட்டைலையும் சிலிக்கோனையும் பிளேடால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் அது உப்புப் படிவா, கண்ணாடி அரிப்பா என்று பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள். கரைந்தால் படிவு. கரையாமல், நகத்தால் வருடும்போது சொரசொரப்பாக இருந்தால் ஈரம் கண்ணாடியையே தின்றிருக்கிறது. லேசான அரிப்பை சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் சக்கரத்தால் மெருகேற்றி எடுக்கலாம். ஆழமானதற்குப் புதுக் கண்ணாடிதான். கறை நீக்கி என்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த திரவம் எங்காவது கிடைத்தால் தொடவே வேண்டாம். அது தோல் வழியாக இறங்கி எலும்பு வரை போகும்.

மெருகேற்றும் முன் இன்னொரு பார்வை: நடுப்பக்க முகம் ஏதாவது ஒன்றில் வெப்பம் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கலாம். இருட்டில் லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பிரிக்காத ஜன்னலில் சுடரின் பிம்பம் நான்கு தெரியும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டவும் தேய்க்கவும் கூடாது. இதைப் பிரிக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

புதுக் கண்ணாடி போடுவதானால்

வண்டி ஜன்னல் என்பதை மறக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி வாகனக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பக்க ஜன்னல்கள் குறைந்தது 50 சதவீத ஒளியை விட வேண்டும், முன்னும் பின்னும் 70 சதவீதம். ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள டஃபன்ட் கண்ணாடி கேளுங்கள். வீட்டு ஜன்னலுக்கு வெட்டிய சாதாரணக் கண்ணாடி விலை குறைவுதான். விபத்தில் அது கத்தியாக உடையும்.

டஃபன்ட் செய்த பிறகு கண்ணாடியை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. மூலைகள் வளைந்திருந்தால் அளவு எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் தடித்த அட்டையில் அச்சு வெட்டிக் கொடுங்கள். ஃபிரேமின் உள்ளளவில் நாலாபக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். மொத்தத் தடிமன் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பீடிங் பிடிக்காது.

இடைவெளியைப் பற்றிக் கடையில் இப்படித்தான் பேச்சு வரும்:

"எதுக்குங்க இவ்வளவு சின்ன கேப்பு? வீட்டுக்கெல்லாம் 12 எம்எம் போடறோமே?"

"வண்டி மலை ஏறுதுங்கண்ணா. 6 எம்எம் போதும்."

அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடுவே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகத்தான் மேலே போகும்போது உப்பும். ஆர்கான் வாயு நிரப்பித் தருகிறோம் என்றால் அதற்கும் காசு கொடுக்க வேண்டாம். காற்று போய்வர ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் வைக்கப்போகிறோம், அதைப் போட்டால் ஆர்கான் நிற்காது.

மூடுதல்

மணிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் மணியைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் போட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றி, கையில் பிடியுங்கள். நல்ல மணியாக இருந்தால் அரை நிமிடத்துக்குள் டம்ளர் சுடும். வெதுவெதுப்புக்கூட இல்லையென்றால் அது கடையிலேயே ஈரம் குடித்த சரக்கு, திருப்பிக் கொடுங்கள். சிலிக்கா ஜெல் போடலாமா என்றால், அவசரத்துக்குப் போடலாம். ஆனால் 3ஏ மணி ஈரத்தை மட்டும் பிடித்து நைட்ரஜனை விட்டுவிடும் என்பதால் சூடு குளிரில் உள்ளழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்காது. இந்த வேலைக்கு அதுதான்.

ஸ்பேசர் பட்டையை அளவுக்கு வெட்டுங்கள். கண்ணாடி விளிம்பிலிருந்து ஐந்து ஆறு மில்லிமீட்டர் உள்ளே அது அமர வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் வெளிப்பூச்சு வரும். மணிகளை நான்கு பக்கமும் நிரப்பி, மூலைத் துண்டுகளால் சதுரமாகப் பூட்டுங்கள். பட்டையில் வரிசையாக நுண்துளைகள் உள்ள முகம் கண்ணாடிகளின் நடுவெளியைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டைத் திறந்துவிட்டால் நிற்காமல் வேலை ஓட வேண்டும். திறந்து வைத்த மணி அறைக்காற்றையே குடித்துக்கொண்டிருக்கும். டீக்குப் போய்விட்டு வந்து தொடரலாம் என்ற பேச்சே கூடாது.

மலை ஏறும் வண்டிக்கு இந்தக் கட்டத்தில் மூச்சுக்குழாய் ஒன்று வையுங்கள். உள்துளை அரை மில்லிமீட்டர் அளவுள்ள எஃகுக் குழாய், ஒரு அடி நீளம். ஒரு முனை ஸ்பேசர் வழியாக நடுவெளிக்குள். மறுமுனை ஃபிரேமின் மேல்பகுதிக்குள், வாய் கீழ்நோக்கி, தண்ணீர் படாத இடத்தில் திறந்தபடி. ஏறும்போது உள்காற்று மெல்ல வெளியேறும், இறங்கும்போது திரும்ப வரும்; சீலுக்குப் பாரம் இல்லை. ஈரமும் வருமே என்றால், வரும். ஆனால் துளை மெல்லியது, வழி நீளம். இரண்டடிக்கு ஒன்றரை அடி ஜன்னலில் ஒரு முறை இறங்கும்போது உள்ளே வருவது சில மில்லிகிராம் ஈரம். அந்த ஜன்னலின் பட்டையில் முப்பது நாற்பது கிராம் மணி போகும், மணி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீரைப் பிடிக்கும். கணக்குப் போட்டால் வருஷக்கணக்கில் தாங்கும். ஏற்காட்டிலேயே நிரந்தரமாக நிற்கிற வண்டியானால் கதை வேறு: குழாயைத் திறந்தபடி மேலே கொண்டுபோய், ஒரு நாள் விட்டு, உலர்ந்த மதியத்தில் குழாய் வாயை நசுக்கி அடைத்து அதன்மேல் பியூட்டைல் வைத்துவிடலாம்.

இனி ஸ்பேசரின் இரு பக்கமும் பியூட்டைல் கயிறு. இடைவிடாமல் ஒரே ஓட்டமாக, மூலைகளிலும் குழாய் நுழையும் இடத்திலும் சற்றுத் தாராளமாக. இந்த இரண்டு மில்லிமீட்டர் அகலக் கறுப்புக் கோடுதான் நீங்கள் செய்கிற மொத்த வேலையின் உயிர். சுற்றிலும் சிலிக்கோன் அடித்து விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். சிலிக்கோன் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. பியூட்டைல் இல்லாமல் சிலிக்கோன் மட்டும் போட்ட ஜன்னல் சில மாதங்களில் மறுபடி மங்கும்.

கண்ணாடிகளை டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, துடைத்து, கடைசியாக மெல்லிய கையுறையோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் ஒருமுறை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கைரேகை அப்போது தெரியும். அடிக் கண்ணாடியைப் படுக்க வைத்து, ஸ்பேசரைச் சரியாக உட்காரவைத்து, இன்னொருமுறை டார்ச். பிறகு இருவரும் சக்ஷன் கப்பால் மேல் கண்ணாடியைத் தூக்கி, ஒரு விளிம்பை முதலில் பொருத்தி மெதுவாக இறக்குங்கள். சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் போங்கள். பியூட்டைல் நசுங்கி முழுக் கறுப்பாக, ஒரு இடத்திலும் சாம்பல் தட்டாமல் தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிகிற இடத்தில் பிடிப்பு இல்லை.

பாலிசல்ஃபைடின் இரு பாகங்களையும் ஒரே நிறமாகும் வரை கலக்குங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் காயாது. ஓரப்பள்ளத்தில் காற்றுக்குமிழி சிக்காமல் ஆழத்திலிருந்து நிரப்பி, பட்டி பிளேடால் வழித்துவிடுங்கள். குழாய் வாயை அடைத்துவிடாதீர்கள். ஒரு முழு நாளாவது சமதளத்தில் அசையாமல் கிடக்கட்டும். நியூட்ரல் சிலிக்கோன் போட்டிருந்தால் அது நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். கூடுதல் நாள் கொடுங்கள்.

திரும்ப மாட்டுதல்

ஃபிரேமுக்குள் கண்ணாடி நேராக அலுமினியத்தில் உட்காரக் கூடாது. கீழே இரண்டு ரப்பர் கட்டைகள், வடிதுளைகளை மறைக்காத இடத்தில். பீடிங் ஏற சோப்புத் தண்ணீர் போதும்.

பாடியில் பழைய டேப்பின் மிச்சத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பைச் சுற்றிப் புது பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். இணைப்பு கீழ்ப்பக்கம் வரட்டும். இங்கே சிலிக்கோன் வேண்டாம். அடுத்த தடவை கழற்றும்போது பெயின்ட்டோடு உரியும். ஸ்க்ரூக்களை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டு போகாமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வெளியே பிதுங்கும் டேப்பை உடனே வெட்ட வேண்டாம். ஒரு வெயில் நாள் போகட்டும், மறுபடி ஒரு சுற்று இறுக்கி, பிறகு பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள்.

தண்ணீர் சோதனைக்கு ஹோஸைக் கீழிருந்து தொடங்கி மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து அடித்தால் எந்த மட்டத்தில் ஒழுகுகிறது என்று பிடிபடாது. அடிக்கும்போதே வடிதுளை வழியாகத் தண்ணீர் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகு முதல் தடவை மலை ஏறும்போது ஒரு நேரான ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள். அடிவாரத்தில் ஒருமுறை, மேலே ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் கழித்து ஒருமுறை, கண்ணாடியின் நடுவில் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஸ்கேல் ஒரே மாதிரி படிந்தால் குழாய் மூச்சுவிடுகிறது. மேலே ஸ்கேல் ஆடினால் குழாய் எங்கோ அடைந்திருக்கிறது. ஃபிரேமின் மேல் மூலையைத் திறந்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஐஸ் கட்டி சோதனையை இரண்டு வாரம் கழித்து வையுங்கள், அதற்குள் புது மணிகள் உள்ளே மாட்டிய ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். அதிலும் தேறினால் அடுத்த ஜன்னலை இறக்கலாம்; சமையல் மேடைக்கு மேலே இருக்கிற குறுகலானதிலிருந்து ஆரம்பியுங்கள்.